நாலாவது தெரு, காவி வீடு

ஜூன் 12, 2025 – வியாழன்

சாரல் தொடங்கி ஐந்தாவது நாள். கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை. கீரைக்காரியைக் காணோம். எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை.

நேற்று சாயங்காலம் இவர் டீக்கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்து, "யோகா, காப்பி" என்று கூப்பிட்டிருக்கிறார். எல்லாம் சரி. வீடுதான் எங்கள் வீடு இல்லை. இரண்டு வீடு தள்ளி, கோமதிசங்கர் வீடு.

கோமதிசங்கர் பெண்டாட்டி சங்கரம்மாள் நல்ல மனுஷி. ஒரு வார்த்தை பேசாமல் காப்பி போட்டுக் கையில் கொடுத்திருக்கிறாள். இவர் ஒரு வாய் குடித்திருக்கிறார். சீனி. பதினாறு வருஷமாக நான் இவருக்குச் சீனி போட்டதில்லை. அந்தச் சீனியை வைத்துத்தான் வீடு மாறியது தெரிந்திருக்கிறது.

நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவள் நான். தப்பான விலாசத்தில் பட்டுவாடா ஆன தபாலை எத்தனையோ திருப்பி வாங்கியிருக்கிறேன். நேற்று என் வீட்டுக்காரரை வாங்கி வந்தேன்.

இந்தத் தெருவையும் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வீடும் ஒரே கான்ட்ராக்டர் கட்டியது. ஒரே கேட், ஒரே கிரில், ஒரே சந்தன நிறம். கண் நன்றாக உள்ள தபால்காரனே தடுமாறுவான். இதை இவரிடம் சொன்னேன்.

ஜூன் 13

டீக்கடைக்குப் போகவில்லை.

ஜூன் 22 – ஞாயிறு

இன்றும் போகவில்லை. சவரமும் செய்துகொள்ளவில்லை. சப் இன்ஸ்பெக்டர் குற்றாலிங்கம் வருகிறார் என்றால் ஒரு காலத்தில் பஜாரில் சைக்கிளெல்லாம் தானாக ஓரம் ஒதுங்கும். இப்போது மூன்று வேளையும் அந்த நாற்காலி.

சென்னையிலிருந்து மகள் முத்துச்செல்வி போன். யார் சொன்னார்களோ, காப்பி விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "அப்பா தனியா ரோட்டுக்குப் போய்ட்டுத் தனியா திரும்ப முடிஞ்சா அங்கன இருங்க. முடியலன்னா தீபாவளியோட இங்க வந்துருங்கம்மா. வீட்ட வித்துரலாம்" என்றாள். பாசத்தில்தான் சொல்கிறாள். அவள் பதினொன்றாவது மாடியில் இருக்கிறாள். அங்கே இவரைக் கொண்டுபோய் எந்த நாற்காலியில் வைப்பது?

இவர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "மக சொல்லுதது சரிதான்" என்றார். அந்தச் சரிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 26 – வியாழன்

திருநெல்வேலி, கண் டாக்டர். இடது கண்ணைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, அது போன வருஷமே போய்விட்டது. வலது கண்ணில் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறதாம். நிறங்கள் ஒவ்வொன்றாக மங்கும், விளிம்புகள் மங்கும் என்றார். "எவ்வளவு நாள் டாக்டர்?" என்றேன். சொல்ல முடியாது என்றார். சின்ன வயது டாக்டர், பொய் சொல்லத் தெரியாத முகம். "வீட்டுல எது இவருக்குப் பளிச்சுன்னு தெரியுதுன்னு பாத்து அத வச்சுப் பழக்குங்கம்மா" என்றார்.

எது பளிச்சென்று தெரிகிறது? இந்த ஒரு வருஷத்தில் எதையும் பார்த்து 'அந்தா பார்' என்று இவர் சொல்லவே இல்லையே.

ஜூலை 2 – புதன்

இன்று ஒன்று நடந்தது. நல்லதற்குத்தான்.

ஆய்க்குடி முருகனைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். மலையே தெரியாத மூடாப்பு. எனக்கே எல்லாம் சாம்பலாகத்தான் தெரிந்தது. திடீரென்று இவர் என் முழங்கையைப் பிடித்தார்.

"ஏட்டி, அங்கன என்ன எரியுது?"

எங்கே என்று பார்த்தேன். தீ எதுவும் இல்லை. ரோட்டுக்குத் தெற்கே இரண்டு ஏக்கருக்குக் கேந்திப்பூ, துலுக்கச் செவ்வந்தி என்பார்களே அது, ஆரஞ்சாகப் பூத்துக் கிடந்தது. ஓணத்துக்குக் கேரளா போகிற பூ, இந்த வருஷம் முந்திப் பூத்துவிட்டது.

ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினார். என் கையைத் தேடவில்லை. நேராக நடந்தார். வாய்க்கால் இருந்தது, தாண்டினார். நான் கத்தப்போனேன், கத்தவில்லை. வயலின் ஓரத்தில் போய் நின்று இரண்டு கையையும் முன்னால் நீட்டினார், குளிர் காய்கிறவர் நிற்பதுபோல.

"நெருப்பு இல்லையே?"

"கேந்திப்பூ."

"இம்புட்டுமா?" என்றார். "இம்புட்டும் பூவாட்டி?"

கடவுளே. ஆட்டோக்காரர் முன்னால் அழுதுவிட்டேன்.

ஜூலை 3 – வியாழன்

வீட்டிலுள்ள நிறத்தையெல்லாம் இவர் முன்னால் கொண்டுவந்து போட்டேன். சிவப்புத் துண்டைக் கறுப்பு என்றார். மஞ்சள் பையை வெள்ளை என்றார். பச்சைத் தட்டைக் காட்டினால், "என்னத்தக் காட்டுத, வெறும் கையா?" கடைசியில் குளியலறைக் கப்பைத் தூக்கி வந்தேன். ஆரஞ்சு பிளாஸ்டிக், பொருட்காட்சியில் வாங்கியது, விளிம்பு உடைந்தது. "இந்தா இருக்கே" என்று கையை நீட்டி, துழாவாமல், என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஒரு வருஷமாக என் கையிலிருந்து எதையும் இவர் துழாவாமல் வாங்கியதில்லை. அந்த உடைந்த கப்பை நான் கும்பிட்டேன். இதை யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு யோசனை. சொன்னால் ஊர் சிரிக்கும்.

ஜூலை 5 – சனி

தென்காசி பெயிண்ட் கடை. மெஷினில் நிறம் கலக்கிற பெண் பெயர் சஃப்ரின். கைப்பையிலிருந்து கேந்திப்பூவை எடுத்து மேஜையில் வைத்து, "இந்தக் கலர் வேணும்மா, வெளிச்சுவருக்கு" என்றேன். முதலில் சிரித்தாள். பிறகு ஒரு சின்னக் கருவியைப் பூவின் மேல் வைத்து அமுக்கினாள். ஒரு நம்பர் வந்தது. பக்கத்து இதழில் வைத்தாள், வேறு நம்பர். "ஆன்ட்டி, ஒவ்வொரு இதழுக்கும் ஒண்ணு சொல்லுது" என்று அவளே வாயைப் பிளந்தாள். ஒரு பூவுக்குள் பதினேழு ஆரஞ்சு! ஐம்பத்தொன்பது வயதுவரை இந்தப் பூவை நான் வெறும் மாலையாகத்தான் பார்த்திருக்கிறேன்.

யாருக்கு, எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நாலு சின்ன டப்பாவில் நாலு ஆரஞ்சு கலந்து, மூடியில் நம்பர் எழுதித் தந்தாள். "அங்கிள் எது சொல்றாங்களோ அதையே போடுங்க ஆன்ட்டி, நம்ம கண்ணுக்குப் பாக்காதீங்க."

ஜூலை 6

நாலையும் பேப்பரில் அடித்து, காம்பவுண்டில் ஒட்டிவிட்டு இவரைத் தெருவில் நிறுத்தினேன். எனக்கு முதலாவதுதான் பிடித்தது. சாந்தமான நிறம். மற்ற மூன்றும் பார்த்தால் எனக்கே கூச்சம். வேலைக்குப் போன காலத்தில் இளநீலமும் வெண்பச்சையும் தவிர வேறு சேலை கட்டாதவள் நான்.

இவர் மூன்றாவதைக் காட்டினார். நாலிலும் மோசமானது. கத்துகிற நிறம்.

சரி, கத்தட்டும்.

ஜூலை 8 – செவ்வாய்

பெயிண்டர் பென்னி வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அக்கா, இது மேக்குப் பாத்த சுவரு. சாரல் நேரா வந்து அறையும். இப்ப அடிச்சா நிக்காது. ஆவணி கழியட்டும், அருமையா அடிச்சுத் தாரேன்."

"ஆவணி வரைக்கும் அவுக கண்ணு நிக்குமா பென்னி?"

சுள்ளென்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார். நாற்காலியில் இருந்த இவரைத் திரும்பிப் பார்த்தார். போகிறபோது, "மலை தெரிஞ்சா போன் பண்ணுங்க அக்கா. எங்கன இருந்தாலும் ஓடி வாரேன்" என்றார்.

அதுதான் ஒப்பந்தம். மலை தெரிந்தால் சாரல் விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஜூலை 11 – வெள்ளி

காலையிலிருந்து மொட்டை மாடியில் நான். தபால் ஆபீஸில்கூட இவ்வளவு பொறுப்பாக வேலை பார்த்ததில்லை.

"பென்னி, மலை தெரியுது."

"முழுசாவா அக்கா?"

"தல தெரியுது. இடுப்பு தெரியல."

"அப்ப வேண்டாம்."

பதினொன்றே காலுக்கு இடுப்பும் தெரிந்தது. இருபது நிமிஷத்தில் ரோலரோடு வந்துவிட்டார். பிரைமர் முடிந்தது.

ஜூலை 12 – சனி

முதல் கோட் அடித்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, செங்கோட்டைப் பக்கமிருந்து ஒரே இருட்டாக வந்து அறைந்துவிட்டது. சுவரிலிருந்து ஆரஞ்சு வழிந்து, படியில் இறங்கி, கேட் வழியாகத் தெருவுக்கு ஓடியது. தெரு முழுக்க ஆரஞ்சுத் தண்ணீர். பென்னி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

கோமதிசங்கர் குடையோடு வந்து நின்றார். "மதினி, அருவில செந்தண்ணி வருதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நம்ம தெருவுல இப்பத்தான் பாக்கேன்." நக்கல். என் பாதி பென்ஷன் சாக்கடையில் போகிறது, அந்த மனுஷனுக்கு நக்கல்.

ஆனால் – உள்ளே நாற்காலியில் இருந்தவர் எழுந்து வாசலுக்கு வந்திருந்தார். குனிந்து, அந்தத் தண்ணீர் ஓடுகிற திசையிலேயே தலையைத் திருப்பிக்கொண்டு நின்றார். கேட்டுக்குள் ஓடியதும் கேட்டைப் பார்த்தார். தெருவில் வளைந்ததும் தானும் வளைந்தார். நானும் பென்னியும் அவரையே பார்த்துக்கொண்டு நனைந்தோம்.

பென்னிதான் முதலில் எழுந்தார். "நாளைக்கும் மலையப் பாருங்க அக்கா" என்றார்.

ஜூலை 18 – வெள்ளி

முடிந்தது. எட்டு நாளில் ஒன்பது தடவை ஓடி வந்தார் பென்னி.

ஐந்தரை மணிக்கு மேகம் மலைமேல் ஒரு கோடாகப் பிளந்து வெயில் வந்தது. சுவரில் விழுந்தது. எனக்கு எழுதத் தெரியவில்லை. வீடு எரியவில்லை, ஆனால் எரிந்தது. எதிர்வீட்டுச் சுவரெல்லாம் ஆரஞ்சு. தேங்கிக் கிடந்த தண்ணீர் ஆரஞ்சு. இவருடைய வெள்ளை வேட்டி, நரைத்த தாடி, என் கை, கையிலிருந்த வெண்கலச் செம்பு, எல்லாம். இருபது வருஷம் குடியிருந்த வீடு. இன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். எனக்குக் கூச்சமாக இருந்த நிறமா இது? இத்தனை நாள் இதற்குப் பயந்து இளநீலம் கட்டிக்கொண்டிருந்தேனா?

இவரைத் தெருமுனைக்குக் கூட்டிப்போய், திருப்பி நிறுத்தினேன்.

கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு, "வீட்டுக்குத் தீயா வச்சுட்ட?" என்றார். "மத்ததெல்லாம் புகையா இருக்குட்டி. நடுவுல ஒண்ணு மட்டும் இருக்கு."

நான் கையை விட்டேன். அவர் நடந்தார். நம் கேட்டில் போய் நின்றார். நம் கேட்டில்!

ஜூலை 20

கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். "திடீர்னு காவி அடிச்சிருக்கீங்களே அக்கா, இப்ப எந்தப் பக்கம்?" என்று ஒருவர் பல்லைக் காட்டினார். "மேக்குப் பக்கம். வாசல் அங்கதான் பாத்திருக்கு" என்றேன். போய்விட்டார்கள்.

காவி இல்லை, கேந்தி. யாரிடம் போய் விளக்குவது.

ஜூலை 24 – வியாழன், ஆடி அமாவாசை

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

குற்றாலத்தில் இன்று நல்ல கூட்டம். பத்து மணிக்கு வாசலில் ஒரு வேன். திருவேங்கடம் ஊர்ப் பக்கத்து ஆட்கள், அருவியில் குளித்துத் தர்ப்பணம் முடித்து வருகிறவர்கள். ஒரு பெரியவர் செருப்பை வெளியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, மெதுவாக, "சாமி இருக்காகளா?" என்றார்.

எந்தச் சாமி என்று கேட்பதற்குள் இவரைப் பார்த்துவிட்டார்கள். ஆறு வாரத் தாடி, சட்டையில்லாத உடம்பு, நெற்றியில் திருநீறு, பின்னால் காவிச் சுவர். மடம் என்றே முடிவு செய்துவிட்டார்கள். ஏழு பேரும் வரிசையாகக் காலில் விழுந்தார்கள்.

"எந்திரிங்கய்யா! நான் ரிட்டயர்டு போலீஸு!"

அந்த ஸ்டேஷன் குரலைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது. அவர்கள் அசையவில்லை. பெரியவர் சொல்கிறார்: "முந்தி என்னவா இருந்தா என்ன சாமி, எல்லாத்தையும் விட்டுட்டு வந்து உக்காந்திருக்கீகளே. எங்க பொம்பளப்பிள்ளைக்கு ஒரு கல்யாணம் அமையணும். ஒரு வாக்கு சொல்லுங்க."

"அமையும், அமையும். போய்ட்டு வாங்க" என்று விரட்டாத குறையாகச் சொன்னார். நான் மோர் கொடுத்தேன். ஒரு பை மங்குஸ்தான் வைத்துவிட்டுப் போனார்கள்.

வேன் போன பிறகு ஒரு சத்தம் கேட்டது. இருமுகிறாரோ என்று ஓடினேன். சிரிக்கிறார்! "மாமூலு வாங்காமயே முப்பத்தாறு வருஷம் ஓட்டுனேன்ட்டி. இப்ப மங்குஸ்தான் வாங்கிட்டேனே." கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் பார்பரை வரச் சொல்லித் தாடியை எடுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 3 – ஞாயிறு

தனியாகப் போனார்!

நாலே முக்காலுக்கு எழுந்து சட்டை போட்டார், கம்பை எடுத்தார். "டீ குடிச்சிட்டு வாரேன்." கேட்டுக்குள் நின்று மனசுக்குள் கந்தசஷ்டி சொன்னேன், பாதியில் வரி மறந்தது. ஐந்து இருபதுக்கு முனையில் தலை தெரிந்தது. திரும்பி, ஒரு நொடி நின்று, நம் வீட்டைப் பார்த்து நேராக வந்தார். கோமதிசங்கர் கேட்டைக் கடந்து வந்தார். கடந்து!

"நல்லா எரியுதுட்டி இன்னிக்கு" என்றார். நான் அதற்குள் அடுப்படிக்கு ஓடி, ஒன்றும் நடக்காததுபோல் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 9

தினமும் போகிறார். தினமும் வந்து அதே வார்த்தை. சாரல் நாளில் "கொஞ்சம் அடங்கி எரியுது." வெயில் நாளில் "நல்லா எரியுது." எனக்கும் அது இல்லாமல் சாயங்காலம் முடிவதில்லை.

ஆகஸ்ட் 30 – சனி

தபால். கல்யாணப் பத்திரிகை. உறையின்மேல் இவ்வளவுதான்:

காவி வீட்டு சாமி,
நாலாவது தெரு,
மேலகரம்.

பின்கோடு இல்லை, கதவு எண் இல்லை, பெயர்கூட இல்லை. நேராக வந்து சேர்ந்துவிட்டது. அந்தத் திருவேங்கடத்துப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டதாம். இவர், "பாத்தியா, நம்ம வாக்கு" என்று மீசையைத் தடவினார். எனக்குக் கல்யாணத்தைவிட உறைதான் பெரிதாக இருந்தது. முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒரு விலாசம் கைக்கு வந்ததில்லை. பீரோவில் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 28

குளியலறையில் கப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பல்பு மங்கல். புதிது வாங்கிப் போட்டேன்.

அக்டோபர் 18 – சனி

முத்துச்செல்வி வருகிறாள். ஆட்டோ பிடித்து வா என்றேன். இவர் விடவில்லை. "பஸ் ஸ்டாப்புல நான் நிப்பேன்னு சொல்லு." மழைத் தூற்றல் வேறு. என்னை வரக்கூடாது என்றுவிட்டார்.

போனது பத்தரைக்கு. வந்தது பதினொன்று ஐந்துக்கு. மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். குடையை மகளுக்குப் பிடித்துக்கொண்டு, அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவளுக்கு அரை அடி முன்னால் வருகிறார். அவள் இவரைப் பிடிக்கவில்லை, இவர்தான் அவளைப் பிடித்திருந்தார். முனையில் நின்று கையை நீட்டினார்.

"அந்தா, அதான் நம்ம வீடு. எப்படி எரியுது பாரு."

"கண்ணு கூசுதுப்பா" என்றாள். நான் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் தெருவிலேயே நின்று அழுதாளாம். சங்கரம்மாள் சொன்னாள்.

அக்டோபர் 21 – செவ்வாய்

கிளம்பும்போது முத்துச்செல்வி என்னிடம் தனியாக, "இருங்கம்மா. இங்கனயே இருங்க" என்றாள். வீட்டை விற்கிற பேச்சு அதோடு போயிற்று.

நான்கு மாதத்தில் இன்றுதான் தலையணையில் தலை வைத்ததும் தூக்கம் வரும் என்று தோன்றுகிறது.

நவம்பர் 23 – ஞாயிறு

எப்படி எழுதுவது.

நான்கு நாளாகப் பேய்மழை. சன்ஷேடு மூலையில் ஒழுகி, வராண்டாவில் குளம். இவர் டீக்கடைக்குப் போன நேரம் மழை கொஞ்சம் விட்டது. பென்னி ஓடி வந்து பெரிய தார்ப்பாயைக் கைப்பிடிச் சுவரிலிருந்து கீழே கிரில்வரை இழுத்துக் கட்டினார். நீலத் தார்ப்பாய். முன்சுவர் முழுக்க மூடிவிட்டது. விரல் அகலத்துக்குக்கூட ஆரஞ்சு வெளியே தெரியவில்லை. கட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஐயோ, இவுக எப்படி வருவாக? குடையை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன்.

அதற்குள் வந்துகொண்டிருந்தார். முனையில் திரும்பி, ஒரு நொடி நின்று, நேராக. கோமதிசங்கர் வீட்டைத் தாண்டி. நம் கேட்டில் கை வைத்துத் திறந்தார். நான் இரண்டடி தள்ளி மூச்சைப் பிடித்து நிற்கிறேன். வீட்டைப் பார்த்து முகத்தை உயர்த்தி, சிரித்த முகத்தோடு சொன்னார்:

"நல்லா எரியுதுட்டி இன்னிக்கு."

நீலத் தார்ப்பாயைப் பார்த்துச் சொன்னார்.

அவர் படியேறினார். காற்றில் தார்ப்பாய் வந்து அவர் முகத்தில் மோதியது. நின்றார். கையால் அதைப் பிடித்து, தடவி, மேலே எட்டின மட்டும் தடவி, பக்கத்தில் தடவி – புரிந்துகொண்டார்.

"மழைக்குக் கட்டினது" என்றேன்.

"ம்" என்றார்.

காப்பி கொடுத்தேன். குடித்தார்.

நவம்பர் 24 – திங்கள்

எப்போது போனது? இந்த நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன். செப்டம்பர் 28. கப்பைத் தேடினார் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். எழுதிவிட்டுப் பல்பு மாற்றியிருக்கிறேன்! முப்பத்தோரு வருஷம் முத்திரை குத்தின புத்தி.

அப்படியானால் அக்டோபர் 18? மழையில் குடை பிடித்து மகளைக் கூட்டி வந்தது? "எப்படி எரியுது பாரு"?

இன்று நாலே முக்காலுக்கு வழக்கம்போலக் கிளம்பினார். நான் செருப்பில்லாமல் பின்னால் போனேன். ஜென்மத்தில் செய்யாத வேலை. உதடு அசைகிறது. எண்ணுகிறார். மாவு மில் சத்தத்துக்கு நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டு, மறுபடி ஒன்றிலிருந்து. மின்கம்பத்தைக் கம்பால் தட்டி, மறுபடி ஒன்றிலிருந்து. திரும்பி வரும்போது முனையில் அந்த ஒரு நொடி நிற்கிறாரே, அது பார்ப்பதற்கு இல்லை. பாதத்தால் சாக்கடை மூடியைத் தேடுகிறார்.

நிறம் இருந்த இரண்டு மாதத்தில், அதைப் பிடித்துக்கொண்டே தெரு முழுவதையும் காலில் எழுதிக்கொண்டிருக்கிறார். அது அணைந்தபோது யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும்தான். நான் ஆசையாக அடித்த நிறம் அல்லவா.

என்ன மனுஷன் இவர். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தும் எனக்குத் தெரியவில்லையே, என்ன மனுஷன்.

கேட்கப்போவதில்லை. முத்துச்செல்விக்கும் சொல்லப்போவதில்லை. போகிறார், வருகிறார். அவள் கேட்டது அவ்வளவுதானே.

நவம்பர் 25

இன்று திரும்பி வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. எரியுது என்றும் சொல்லவில்லை, அடங்கியிருக்கிறது என்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

டிசம்பர் 14

இன்னும் அதே மௌனம். மற்றபடி நன்றாகப் பேசுகிறார், டீக்கடைக்குப் போகிறார். அந்த ஒரு வார்த்தை மட்டும் இல்லை.

ஜனவரி 11, 2026 – ஞாயிறு

பொங்கலுக்குத் தெருவெல்லாம் பெயிண்ட் வாடை. கோமதிசங்கர் வீட்டுக்கு மறுபடியும் சந்தனம்.

தார்ப்பாயை அவிழ்த்தாயிற்று. கயிறு உரசின இடத்தில் சுவர் வெளுத்திருந்தது. பென்னி ரோலரோடு வந்து, என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது, டீக்கடையில் ஒன்றாக உட்காருகிறவர்தானே.

"அதே கலரா அக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலியிலிருந்து பதில் வந்தது. "அதே கலருதான்லே. சஃப்ரின் பிள்ளைட்ட மூணாம் நம்பருன்னு சொல்லு. இன்னொரு கோட்டு சேத்தே அடி."

ஐந்தரைக்குப் பென்னி போனார். நான் காப்பியோடு வெளியே வந்தேன். இவர் நாற்காலியைத் தூக்கி வந்து கேட்டுக்கு வெளியே, வீட்டைப் பார்த்துப் போட்டிருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி. உட்கார்ந்தேன்.

முகத்தை என் பக்கம் திருப்பாமல் கேட்டார்.

"இன்னிக்கு எப்படி எரியுது? நீ சொல்லு."

செருமிக்கொண்டேன். தபால் படிக்கத் தெரியாதவர்களுக்கு எத்தனை கடிதம் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறேன். அந்தக் குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"மேல் பாதியில வெயில் விழுந்திருக்கு. கீழ்ப் பாதி புதுப் பெயிண்டு, இன்னும் ஈரம், அதனால மேல விட அதுதான் ஜாஸ்தி எரியுது. சன்ஷேடுக்குக் கீழ நிழல் ஒரு கோடு. கேட்டுல பட்டு, உங்க சட்ட வரைக்கும் வந்திருக்கு."

"கைல?"

"கைலயும் இருக்கு."

இரண்டு கையையும் மடியிலிருந்து எடுத்து, சுவரைப் பார்த்து நீட்டினார். நான் மலையைச் சொன்னேன், தலையும் இடுப்பும் முழுசாகத் தெரிகிறது என்று. பிறகு எதிர்வீட்டுச் சுவரைச் சொன்னேன். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.